நாற்காலிக்குப் போட்ட வாகன பூசை

முப்பிடாதி வீட்டு ஹால் நீண்டுபோன கதையை அம்பாசமுத்திரம் வாய்க்கால் தெருவில் யாரை நிறுத்திக் கேட்டாலும் சொல்வார்கள், ஆனால் ஆளாளுக்கு ஒரு இடத்தில் ஆரம்பிப்பார்கள். பூசாரி சங்கரபாண்டி தன் மந்திரத்திலிருந்து ஆரம்பிப்பார், எதிர்வீட்டு மூக்காண்டி தன் ஆட்டோவிலிருந்து ஆரம்பிப்பான், முப்பிடாதியின் மாமியார் கோமதியம்மாளோ "எலுமிச்சம்பழம் வாங்குனது நாந்தானே" என்று தன்னிலிருந்தே ஆரம்பிப்பாள். உள்ளபடி பார்த்தால் அது வெல்லத்தில் ஆரம்பித்தது.

முப்பிடாதிக்குச் சென்னையில் வேலை. கண்காணாத தேசத்து நோயாளிகளின் ஆஸ்பத்திரி பில்களைச் சரிபார்த்து, இதற்குக் காப்பீடு செல்லும், இதற்குச் செல்லாது என்று பிரித்து அனுப்புகிற வேலை. புருஷன் ஆவுடையப்பன் சொந்த ஊரான அம்பையிலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர், மகள் பூரணி ஆச்சி கோமதியம்மாளிடம் வளர்ந்தாள், அம்மாவைப் பெரும்பாலும் போன் திரையில்தான் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். அதனால் "இனி நீங்க வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம்" என்று கம்பெனி சொன்ன அன்றைக்கு முப்பிடாதி அழுதேவிட்டாள். சந்தோஷத்தில்தான். அன்று சாயங்காலமே ஹாஸ்டல் அறையைக் காலி செய்து, பக்கெட்டு முதல் பாய் வரை தூக்கிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தாள்.

வந்த புதிதில் எப்படி இருந்தது என்கிறீர்கள்! மின்சார ரயிலில் யாரோ ஒருத்தியின் முழங்கை விலாவில் குத்தக் குத்தப் போன காலம் போய், காலையில் தலைக்குக் குளித்து, ஈரத்தலையோடு, சுடச்சுட தோசையைப் பிட்டுப் போட்டபடி, கீழே நைட்டியும் மேலே இஸ்திரி போட்ட சட்டையுமாக மீட்டிங்கில் உட்கார்ந்து, இடையிடையே பிள்ளையின் தலையைக் கோதிவிட்டு, மத்தியானம் தாமிரபரணித் தண்ணீரில் வெந்த சோற்றைத் தின்று, அரைக் கண் அயர்ந்து எழுந்து, மறுபடி உட்கார்ந்து வேலை பார்த்தாள். "குடுத்து வச்சவட்டி நீ" என்று தெருவே சொன்னது. அவளும் ஆமாம் என்றுதான் நினைத்தாள்.

கண் பட்டதோ என்னவோ, தெருவுக்கு அடுத்த சங்கதி புரிய ஆரம்பித்தது. முப்பிடாதி வீட்டில்தான் இருக்கிறாள். வீட்டில் இருக்கிறவள் என்ன செய்வாள்? சும்மாதானே இருப்பாள்! கேஸ் சிலிண்டர் வந்தால் வாங்கி வைக்க முப்பிடாதி, பக்கத்து வீட்டுச் சாவியை வைத்துக்கொள்ள முப்பிடாதி, கல்யாண வீட்டுக்குப் போகிறவர்கள் பிள்ளையை விட்டுவிட்டுப் போக முப்பிடாதி, கொத்தமல்லிக்காரி கூடையை இறக்கி ஒரு வாய் தண்ணீர் குடித்து மருமகளைப் பற்றி ஒரு பாட்டம் அழுது தீர்க்க முப்பிடாதி. கல்லிடைக்குறிச்சிச் சித்தி மூன்று தடவை முன்னறிவிப்பு இல்லாமல் வந்து, "நீ வீட்லதான இருக்கேன்னாவ, அதான் வந்தேன்" என்று உட்கார்ந்து, வெற்றிலை போட்டுக்கொண்டு, லேப்டாப் திரையை எட்டிப் பார்த்து, "இந்தா சிரிக்கானே, இவனுக்குக் கல்யாணம் ஆயிட்டா?" என்று கேட்டாள்.

எல்லாவற்றையும் தாங்கினாள், மாமியாரைத்தான் தாங்க முடியவில்லை. கோமதியம்மாள் கெட்டவள் இல்லை. ஆனால் அவளுக்கு எந்த ஜாமான் எந்த டப்பாவில் இருக்கிறது என்று மருமகளைக் கேட்காமல் ஒரு வேலையும் ஓடாது. ஒரு நாள் மேனேஜரும் வெளிநாட்டுப் பெரிய தலைகளும் ஒன்றாகக் கூடிய மீட்டிங்கில், முப்பிடாதி வாயைத் திறந்து பேசிக்கொண்டிருந்த நேரத்தில், பின்னாலிருந்து கணீரென்று, "ஏட்டி முப்பிடாதி, வெல்லத்த எங்கட்டி வச்ச?" என்று ஒரு குரல் போய் மூன்று கண்டங்களில் விழுந்தது. பெரிய தலைகளில் ஒருவர், புதிதாகச் சேர்ந்த யாரோ கேள்வி கேட்கிறார்கள் என்று நினைத்து, "நல்ல கேள்வி, கேளுங்கள்" என்றார்.

மீட்டிங் முடிந்ததும் மேனேஜர் தீனதயாளன் தனியாகக் கூப்பிட்டார். "மேடம், நீங்க நல்லா வேலை செய்றவங்க. ஆனா இது சரிப்படாது. இன்னும் ஒரு மாசம் பார்ப்போம். இப்படியே இருந்தா சென்னைக்குத் திரும்பி வந்துடுங்க, இல்லேன்னா வேலைய விட்டுடுங்க, வேற வழியில்ல" என்றார்.

முப்பிடாதி கணக்குப் போட்டுப் பார்த்தாள். வேலையை விட்டால் வீட்டுக்கடன் கழுத்தை நெரிக்கும். சென்னைக்குப் போனால் பூரணி மறுபடியும் போன் திரையைத் தடவிக்கொண்டிருப்பாள். ஆவுடையப்பனிடம் மட்டும் சொன்னாள். அவன் மைதானத்தில் விசில் ஊதி ஊதி உலகத்து வேதனை எல்லாவற்றுக்கும் உடற்பயிற்சிதான் மருந்து என்று நம்புகிறவன். "நீ சாப்பாட்டு மேசை நாற்காலில கூன் போட்டு ஒக்காருத, அதான் மனசு சோருது" என்று கண்டுபிடித்து, திருநெல்வேலிக்குப் போய் ஒரு ஆபீஸ் நாற்காலி வாங்கி வந்தான். முதுகுக்கு மெத்தை, கைக்குக் கட்டை, காலுக்குச் சக்கரம்.

வந்தது ஆயுத பூசைக்கு முந்தின நாள். அதுதான் வினை.

"இதுக்குச் சக்கரம் இருக்குல்லா?" என்று கோமதியம்மாள் நாற்காலியைச் சுற்றி வந்தாள். "அப்ப பூசை போடாம ஏறக் கூடாது."

"அத்தை, இது வெறும் நாற்காலி."

"சைக்கிளுக்குப் போடுதோம், தள்ளுவண்டிக்குப் போடுதோம், நெல்லு மெஷினுக்குப் போடுதோம். இதுல ஒக்காந்துதான நீ வேலைக்குப் போற? அப்ப இது வாகனந்தான். எனக்குத் தெரியும், நீ சும்மா இரி."

மறுநாள் பூசாரி சங்கரபாண்டி தெருவிலிருந்த பைக், ஆட்டோ, டிராக்டர் எல்லாவற்றுக்கும் பூசை போட்டு, கற்பூரப் புகையில் கண் சிவந்து, கடைசியாக இவர்கள் வீட்டுக்கு வந்தார். நாற்காலியைப் பார்த்து அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "வண்டி நம்பர் என்ன?" என்று மட்டும் கேட்டார். "இன்னும் வரல" என்றான் ஆவுடையப்பன், சிரிப்பை அடக்கிக்கொண்டு. முதுகு மெத்தைக்கு மாலை போட்டார்கள், கைக்கட்டைக்குச் சந்தனம் குங்குமம் வைத்தார்கள், சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைக்கப் போனால், வண்டி வழக்கப்படி நாலு பழம்தான் வாங்கியிருந்தார்கள், நாற்காலிக்கோ ஐந்து சக்கரம். கோமதியம்மாள் தயங்கவே இல்லை. கொல்லைக்குப் போய் ஒரு நார்த்தங்காயைப் பறித்து வந்து ஐந்தாவது சக்கரத்துக்கு அண்டை கொடுத்தாள்.

"போற பாதை நல்ல பாதையா இருக்கணும், எதுக்க ஒரு எடைஞ்சலும் வரக் கூடாது, பின்னால இருந்து எவனும் இடிக்கக் கூடாது" என்று வாகனத்துக்குச் சொல்வதை எல்லாம் ஒன்று விடாமல் சொல்லி, பூசாரி சூடத்தைச் சுற்றினார். பட்டுச்சேலையில் முப்பிடாதியை உட்கார வைத்து ஆவுடையப்பன் ஒரு தள்ளுத் தள்ளினான். எலுமிச்சம்பழங்கள் பச்சக் பச்சக்கென்று நசுங்கின. நாற்காலி எதிர்ச் சுவரோரம் இருந்த மேசையைப் பார்த்து உருண்டது. உருண்டது, உருண்டது, உருண்டுகொண்டே இருந்தது.

நாலு எட்டு வைத்தால் தொடுகிற மேசை அது. அன்றைக்கு வந்து சேரவே இல்லை. தலைக்கு மேலே ஒரு மின்விசிறி போனது, கொஞ்ச தூரம் தள்ளி இன்னொரு மின்விசிறி போனது, இரண்டு பக்கமும் அதே மஞ்சள் சுவர், அதே வழுவழு டைல்ஸ், அங்கங்கே ஒரு பல்லி. முப்பிடாதி பயப்படவில்லை. காற்று முகத்தில் பட்டது, சேலைத் தலைப்பு பறந்தது, பூ வாசம் வந்தது. ஒரு வழியாக மேசை வந்து முட்டியதும் திரும்பிப் பார்த்தாள். வெகு தூரத்தில் வாசலும், சாமி அலமாரியும், அதன் முன்னால் புருஷனும் மாமியாரும் பூசாரியும் கொலுப் பொம்மைகளாட்டம் நின்றிருந்தார்கள். மாமியாரின் வாய் திறந்து மூடுவது தெரிந்தது. சத்தம் வரவில்லை.

சத்தம் வரவில்லை! முப்பிடாதி லேப்டாப்பைத் திறந்தாள். வைஃபை பழையபடி முழுசாகக் கிடைத்தது, என்ன இருந்தாலும் ஒரே ஹால்தானே.

தெரு இதை எப்படி எடுத்துக்கொண்டது என்றால், புது மருமகளை எடுத்துக்கொள்கிற மாதிரிதான். முதல் இரண்டு நாள் வந்து எட்டிப் பார்த்தார்கள், மூன்றாம் நாள் குறை சொன்னார்கள், நாலாம் நாள் வேலை வாங்க ஆரம்பித்தார்கள். "வாகனத்துக்குப் பூசை போட்டா ரோடு வரத்தான செய்யும்" என்று பூசாரி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். பின்வீட்டு வாத்தியார்தான் தன் காம்பவுண்டுக்குள் ஹால் வந்துவிட்டதோ என்று பதறி நாடா எடுத்து அளந்தார். ஒரு அங்குலம்கூட நகரவில்லை, அவர் வீட்டு முருங்கை மரம் வைத்த இடத்தில்தான் நின்றது. நகராட்சியிலிருந்து வரி போட வந்தவர் வெளியே அளந்தார், உள்ளே அளக்க நடந்தார், திரும்பி வந்து கோமதியம்மாள் கொடுத்த காப்பியைக் குடித்தார், வெளியே அளந்ததையே எழுதிக்கொண்டு போய்விட்டார். நல்ல மனுஷன்.

கோமதியம்மாள் முதல் நாள் வெல்லத்தைக் கேட்கப் புறப்பட்டாள். மூன்றாவது மின்விசிறி தாண்டவில்லை, முழங்கால் பிடித்துக்கொண்டது. முனகிக்கொண்டே திரும்பி வந்து, அடுக்களையில் கையை விட்டுத் தேடினாள். வெல்லம் எப்போதும் இருக்கிற டப்பாவிலேயே இருந்தது. அதற்குப் பிறகு பருப்பும் புளியும் கடுகும்கூட அவளுக்குத் தானாகக் கிடைக்கத் தொடங்கின. சாயங்காலம் மருமகள் நாற்காலியில் உருண்டு வந்து சேர்ந்தபோது, இத்தனை வருஷத்தில் இல்லாத அதிசயமாக, கையில் காப்பி டம்ளரோடு வாசல் பக்கம் நின்றாள்.

"குடி தாயி. வேலைக்குப் போயிட்டு வந்திருக்கே, களைப்பா இருக்கும்."

முப்பிடாதிக்குக் கண் கலங்கிப்போனது. அதே வேலை, அதே நேரம், அதே முதுகுவலி. தூரம் ஒன்றுதான் புதுசு. தூரத்துக்கு இத்தனை மரியாதையா?

ஊரார் சும்மா இருப்பார்களா? சர்க்கரை வியாதிக்காரர்கள்தான் முதலில் வந்தார்கள். வெயில் இல்லை, மழை இல்லை, நாய் இல்லை, லாரி இல்லை, மேலே காற்றாடி ஓடுகிறது, இதைவிட நடக்க வேறென்ன வேண்டும்? விடிந்ததும் வாய்க்கால் தெரு முழுக்க முப்பிடாதி வீட்டுக்குள் நடந்தது. என்ன இருந்தாலும் வீடு அல்லவா, செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, காலைக் கழுவிவிட்டு, வெறுங்காலோடுதான் அத்தனை தூரமும் நடக்க வேண்டும் என்பது கோமதியம்மாளின் சட்டம். வாசலில் செருப்புகள் கோயில் திருவிழா மாதிரி குவிந்து, மாறிப்போன செருப்புக்காக இரண்டு குடும்பங்கள் பேச்சை முறித்துக்கொண்டன.

எதிர்வீட்டு மூக்காண்டிக்குக் கை அரித்தது. ஆட்டோவைச் சக்கரம், மேற்கூரை, எஞ்சின் என்று பிரித்து, வாசல்படி வழியாக ஒவ்வொன்றாக உள்ளே கடத்தி, ஹாலில் வைத்துத் திரும்ப மாட்டி ஓட்டத் தொடங்கினான். புகை வரக் கூடாது என்று கோமதியம்மாள் ஒற்றைக் காலில் நின்றதால் பேட்டரிக்கு மாற்றினான். அதற்குள் மேலத்தெரு ஐயம்பெருமாள் வந்தான். பெங்களூர்க் கம்பெனிக்கு அம்பையிலிருந்து வேலை பார்க்கிற பையன், அவனை வீட்டில் ரேஷன் கடைக்கும் மாவு மில்லுக்கும் விரட்டி விரட்டி, பாவம், எலும்பும் தோலுமாக இருந்தான். "மைனி, நானும் ஒரு மேசையக் கொண்டாந்து போட்டுக்கிடட்டா?" என்றான். போட்டுக்கொண்டான். அவனைப் பார்த்து நாலு பேர், நாலு பேரைப் பார்த்து நாற்பது பேர், அத்தனை பேருக்கும் வடை சுட ஒரு சரஸ்வதியக்கா, இப்படி ஹாலின் அந்தக் கோடியில் ஒரு ஊரே முளைத்து, அதற்கு மேசைப்பட்டி என்று பேரும் வந்துவிட்டது. "மேசைப்பட்டி, மேசைப்பட்டி, ஏறு ஏறு" என்று மூக்காண்டி வாசலில் நின்று கூவினான். எல்லாம் முப்பிடாதி வீட்டுக்குள்.

முப்பிடாதி வேலையில் ஒரு பிசகு இல்லை. ஒரு மாசம் கழிந்தது, தீனதயாளன் வாய் நிறையப் பாராட்டினார், சென்னைப் பேச்சே எடுக்கவில்லை. அவளும் சந்தோஷத்தில் இன்னும் கொஞ்ச நேரம், இன்னும் கொஞ்ச நேரம் என்று மேசையிலேயே உட்கார்ந்தாள். யார் இருக்கிறார்கள் கூப்பிட? ஒரு பில்லை முடித்தால் இன்னொரு பில், ஒரு மீட்டிங்கை முடித்தால் இன்னொரு மீட்டிங். அவள் எவ்வளவு கூடுதலாக உட்கார்ந்தாளோ, மறுநாள் ஹால் அவ்வளவு கூடுதலாக நீண்டிருந்தது. அவளுக்கு அது தெரியவில்லை. நாற்காலியில் உருள்கிறவளுக்கு ஒரு மின்விசிறி கூடினால் என்ன, குறைந்தால் என்ன?

பூரணிக்குத் தெரிந்தது. முதலில் எல்லாம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சாமி அலமாரிப் பக்கம் நின்று கையை ஆட்டுவாள், முப்பிடாதி அங்கிருந்து ஒரு சிவப்புத் துண்டை ஆட்டுவாள், பிள்ளை குதிக்கும். பிறகு துண்டு ஒரு புள்ளியானது. பிறகு அதுவும் இல்லை. ஆனாலும் பூரணி கொஞ்ச நாள் ஆட்டிப் பார்த்தாள், பிறகு விட்டுவிட்டாள். அவள் ஆட்டுவதை விட்டதும் முப்பிடாதிக்குத் தெரியாது.

ஆவுடையப்பன்தான் ஒரு நாள் சோற்றைப் பிசைந்தபடி மெதுவாக ஆரம்பித்தான். "பள்ளிக்கூடத்துல டீச்சர், 'ஒங்கம்மா என்ன செய்யுதாங்க'ன்னு கேட்டிருக்காவ. 'அம்மா வெளியூர்ல இருக்காங்க'ன்னு சொல்லியிருக்கா."

"யாரு, பூரணியா?" முப்பிடாதி சிரித்தாள். "வாய் பாரு கழுதைக்கு!"

சிரித்தாள்தான். ஆனால் தட்டில் பாதிச் சோற்றை மீதம் வைத்து எழுந்தாள்.

அந்த வாரத்திலேயே தீனதயாளன் கூப்பிட்டார். "மேடம், வாழ்த்துகள். இந்தப் பிரிவு முழுக்கவும் உங்க பொறுப்புல விடலாம்னு மேலிடத்துல முடிவு பண்ணியிருக்காங்க. வேலை நேரம் மட்டும் கொஞ்சம் முன்ன பின்ன இருக்கும். காலைல விடியறதுக்கு முன்னாடி, ராத்திரி அவங்க முடிக்கிற வரைக்கும். உங்களுக்குத்தான் வீட்டிலேயே ஆபீஸ் இருக்கே, என்ன கஷ்டம்? நாளைக்குள்ள சொல்லுங்க."

மேசைப்பட்டி துள்ளிக் குதித்தது. சரஸ்வதியக்கா வடையை இலவசமாகக் கொடுத்தாள். "மைனி, வீட்டுக்குப் போக வர நேரம் வீணு. இங்கனயே ஒரு தடுப்பு வச்சு அறை போட்டிருவோம், வாரத்துக்கு ஒருக்க போயிட்டு வாங்க, நானே இப்பம் அப்படித்தான்" என்றான் ஐயம்பெருமாள். பொய் சொல்வானேன், முப்பிடாதிக்கும் உள்ளுக்குள் குளுகுளுவென்றுதான் இருந்தது. வெல்லம் எங்கே என்று கேட்கப்பட்டவள், ஒரு பிரிவுக்கே தலைவி! கல்லிடைக்குறிச்சிச் சித்தி இனி வெற்றிலையை மென்றுகொண்டு வாயைப் பிளக்கட்டும். சரி என்று சொல்லிவிடுவது என்று ஏறக்குறைய முடிவு செய்துதான் மறுநாள் மேசைக்கு வந்தாள். விஷயத்தை முதலில் மாமியாரிடமும் புருஷனிடமும் சொல்லிவிட்டு மேனேஜருக்குச் சொல்லலாம் என்று, அன்றைக்கு மட்டும் வெளிச்சம் இருக்கும்போதே நாற்காலியைத் திருப்பினாள்.

மூக்காண்டி அன்றைக்கு ஆட்டோவோடு வரவில்லை, பாபநாசம் கோயிலுக்குப் போயிருந்தான். ஹால் வெறிச்சென்று கிடந்தது. மின்விசிறிக்கு மின்விசிறி உருண்டு வந்துகொண்டிருந்தவள், பாதி வழியில், நடுத் தரையில் ஏதோ ஒரு மூட்டை கிடப்பதைப் பார்த்தாள். கிட்டே வந்ததும்தான் அது மூட்டை இல்லை என்று தெரிந்தது. பூரணி. சீருடைகூட மாற்றாமல், சுவரில் சாய்ந்து, காலை நீட்டி உட்கார்ந்து, உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

முப்பிடாதி நாற்காலியிலிருந்து விழாத குறையாக இறங்கினாள். "ஏட்டி பூரணி! இங்கன என்ன செய்யுத? ஆச்சி எங்க?"

"ஆச்சி தூங்குதா. நான் ஊருக்குப் போறேன்."

"ஊருக்கா? எந்த ஊருக்கு?"

"ஒங்க ஊருக்குத்தான்" என்றாள் பூரணி, இதுகூடத் தெரியாதா என்பது போல. "அரைப்பரீட்சை லீவு விட்டாச்சுல்லா. கிளாஸ்ல எல்லாரும் லீவுக்கு ஊருக்குப் போறாங்க. அபி மதுரைக்குப் போறா. நான் அம்மா ஊருக்குப் போறேன்னு சொன்னேன். ஆனா ரொம்ப தூரம். கால் வலிச்சிட்டு."

பக்கத்தில் பள்ளிக்கூடப் பை புடைத்துக்கொண்டு கிடந்தது. முப்பிடாதி திறந்து பார்த்தாள். இரண்டு கவுன், ஒரு பல்தேய்க்கும் பிரஷ், சீப்பு, ஒரு காகிதத்தில் நாலு முறுக்கு. முறுக்கு எதற்கு என்று கேட்டாள்.

"ஊருக்குப் போனா வெறுங்கையோட போகக் கூடாதுல்லா, ஆச்சி சொல்லுவா." பிள்ளை கொஞ்சம் தயங்கிவிட்டு, விருந்தாளி கேட்கிற மாதிரி, மெதுவாகக் கேட்டது. "நான் எத்தன நாள் இருந்துக்கிடலாம்?"

முப்பிடாதி தரையில் உட்கார்ந்து பிள்ளையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். அழுகை பொத்துக்கொண்டு வந்தது. யாரைவிட்டுப் பிரியக் கூடாது என்று சென்னையை விட்டு ஓடி வந்தாளோ, அந்தப் பிள்ளை அவளைப் பார்க்க மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பியிருக்கிறது, அதுவும் சொந்த வீட்டு ஹாலில்! அம்பைக்கும் சென்னைக்கும் நடுவில் ரயிலாவது உண்டு. இங்கே இவள் வேறு நடுவில் ஒரு மேனேஜரையும் மேலிடத்தையும் கொண்டுவந்து போடப் பார்த்தாளே! தன் கன்னத்தில் தானே இரண்டு போட்டுக்கொள்ளலாம் போலிருந்தது. பூரணி அம்மாவின் முகத்தைத் துடைத்துவிட்டு, "அழாதீங்க, முறுக்கு நமக்குத்தான்" என்றாள்.

இரண்டு பேரும் முறுக்கைத் தின்றார்கள். தின்று முடித்த வாயோடு முப்பிடாதி போனை எடுத்தாள்.

"சார், அந்தப் பொறுப்பு எனக்கு வேண்டாம்."

"மேடம்! யோசிச்சுத்தான் சொல்றீங்களா? நாளைக்கே வேற ஆளுக்குப் போயிடும்."

"போகட்டும் சார். இன்னொண்ணும் சொல்லுதேன். இனிமே சாயங்காலம் அஞ்சு மணி ஆனா நான் எந்திரிச்சிருவேன். அதுக்குள்ள என் வேலையில ஒரு குறை இருந்தாச் சொல்லுங்க, கேட்டுக்கிடுதேன். அஞ்சுக்கு மேல கூப்பிட்டா எடுக்க மாட்டேன். இது சரிப்படாதுன்னா இப்பவே சொல்லிருங்க."

வேலையே போனாலும் போகலாம். அந்தப் பக்கம் ஒரு குக்கர் விசில் அடித்தது, ஒரு பொம்பளைக் குரல் ஏதோ கேட்டது.

"ஃப்ரிட்ஜுல ரெண்டாவது தட்டுலதாம்மா இருக்கு, கொஞ்சம் கண்ணைத் தெறந்து பாரேன்!" என்று தீனதயாளன் யாரிடமோ கத்தினார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "உங்க வேலையில குறையே இல்ல மேடம். அஞ்சு மணின்னா அஞ்சு மணி. அது கிடக்கட்டும்... உங்க ஊர்ல ஏதோ மேசைப்பட்டின்னு ஒரு இடம் இருக்காமே, பசங்க பேசிக்கிறாங்க. அங்க வெளியூர்க்காரங்களுக்கு எடம் குடுப்பாங்களா?"

"செருப்பக் கழத்திட்டு வரணும் சார்" என்றாள் முப்பிடாதி, மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

மறுநாள் காலையில் மூக்காண்டியைக் கூப்பிட்டு, மேசைப்பட்டியிலிருந்து தன் மேசையை ஆட்டோவின் மேல் கட்டச் சொன்னாள். ஐயம்பெருமாளுக்கு முகம் தொங்கிப்போனது, சரஸ்வதியக்கா கண்ணைக் கசக்கினாள், "ஊரைத் தொடங்குனவளே போறாளே" என்றார்கள். அவர்களை இருக்கச் சொன்னாள், ஹால் அவர்களுக்குத்தான், யாரும் எங்கும் போக வேண்டாம் என்றாள். வாசல் கண்ணில் பட்டதும் பூரணி ஆட்டோவிலிருந்து இறங்கி முன்னால் நடந்தாள், பின்னால் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு முப்பிடாதி நடந்தாள்.

"வாசல்ல இருந்து ஒனக்குக் கால் வலிக்காம எங்க வரைக்கும் வர முடியும்?" என்று கேட்டாள். "நல்லா யோசிச்சுச் சொல்லு."

பூரணி வீட்டு வாசல் வரைக்கும் ஓடினாள். அங்கிருந்து திரும்பி, ஒவ்வொரு டைல்ஸாகப் பார்த்துப் பார்த்து நடந்து வந்தாள். ஒரு இடத்தில் நின்றாள், யோசித்தாள், அடுக்களைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். ஆச்சி எதையோ தனக்குத்தானே கேட்டுக்கொண்டு டப்பாவை உருட்டுவது தெரிந்தது, குரல் கேட்கவில்லை. இன்னும் இரண்டு எட்டு எடுத்து வைத்தாள். "இங்க" என்றாள்.

மூக்காண்டி மேசையை இறக்கினான். கோமதியம்மாள் தூரத்திலிருந்து பார்த்தாள், ஏதோ கேட்க வாயெடுத்தாள், முழங்காலைத் தடவினாள், பேசாமல் உள்ளே போனாள். முப்பிடாதி நாற்காலியில் உட்கார்ந்து, ஹெட்செட்டை மாட்டி, நேற்று விட்ட பில்லைத் திறந்தாள். பூரணி மேசைக்குப் பக்கத்தில் தரையில் படுத்து ஒரு யானை வரைந்தாள், யானைக்குப் பக்கத்தில் ஒரு ஆட்டோ வரைந்தாள், அம்மாவின் காலில் ஒரு பூ வரைந்தாள். முப்பிடாதி ஒரு கையால் தட்டச்சு அடித்தபடி மறு கையால் பிள்ளையின் தலையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். இப்படியே நாள் முழுக்க இருந்துவிடுவாள் என்றுதான் நினைத்தாள்.

கொஞ்ச நேரத்தில் பூரணி எழுந்து கவுனைத் தட்டிவிட்டுக்கொண்டாள். கொட்டாவி விட்டாள்.

"எனக்கு இங்க போரடிக்கி. நான் வீட்டுக்குப் போயி வெளையாடுதேன். நீங்க வேலையப் பாருங்க."

சொல்லிவிட்டு நடந்தாள். சுவரை ஒரு விரலால் தடவிக்கொண்டே, ஏதோ பாட்டை முனகிக்கொண்டே போனாள், ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. முப்பிடாதிக்குக் கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனாலும் ஹெட்செட்டில் யாரோ இரண்டு தடவை பேரைச் சொல்லிக் கூப்பிட்டும் பதில் சொல்லாமல், பிள்ளை வாசல் தாண்டி வெயிலில் இறங்கி, செருப்புக் குவியலில் தன் செருப்பைத் தேடிக் காலில் மாட்டுகிற வரைக்கும், சிரித்தபடி பார்த்துக்கொண்டே இருந்தாள்.